எட்டு மணி வகுப்பும் சாமி மேடை விளக்கும்: செந்தூல் வீடு ஒன்றில் பவர்லைனா, வைஃபையா?

பின்னணி

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் உள்ள ஓர் இரட்டை மாடித் தெரஸ் வீட்டில் 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்தது இது. வீட்டுக்காரர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள். சின்னக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் வேலை.

வீட்டில் நான்கு பேர். இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை, அவருடைய கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், ஆசிரியையின் அப்பா. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஆசிரியை வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கப் பழகினார். ஆணை முடிந்த பிறகும் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) மாணவர்களுக்கான இரவு டியூஷனை அப்படியே இணையத்தில் தொடர்ந்தார். பிள்ளைகள் கிள்ளான், ரவாங், சிரம்பான் என்று ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். வாரத்துக்கு நான்கு நாள், இரவு 8 முதல் 10 வரை, 14 பிள்ளைகள்.

முதலில் வகுப்பு முன்கூடத்தில்தான் நடந்தது. ஃபைபர் லைன் அங்கேதான் வந்து இறங்குகிறது, ரௌட்டரும் அங்கேதான். ஆனால் தாத்தா தொடர் பார்க்கும் நேரமும் அதுதான். 2023 ஜூனில் ஆசிரியை மேல்மாடியின் பின்னறைக்கு மாறினார். அன்றிலிருந்து பிள்ளைகள் "டீச்சர், குரல் விட்டு விட்டு வருது" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு நாள் செய்யுளின் பொருளை அவர் விளக்கி முடித்த பிறகுதான் தெரிந்தது, பாதி வகுப்புக்கு எதுவும் கேட்கவில்லை என்று. அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தேர்வு. இதை நான் சாதாரண வைஃபை புகாராக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் பார்த்தது

வீடு 20 அடி அகலம், ஏறக்குறைய 70 அடி நீளம். நடுவில் படிக்கட்டு. பத்து வருடங்களுக்கு முன் சமையலறையைப் பின்பக்கம் நீட்டி, தாத்தாவுக்கு அங்கே ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். சுவர்கள் செங்கல், மேல்தளம் கம்பி கட்டிய கான்கிரீட். ரௌட்டர் டிவி அலமாரிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

சந்தா 300 எம்பிபிஎஸ். ரௌட்டரில் நேரடியாகக் கேபிள் செருகிப் பார்த்தேன். வேகம் முழுதாக வந்தது, லைனில் குறை இல்லை. மேல்மாடிப் பின்னறையில், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் பெயரளவுக்குக்கூட நிற்கவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் மைனஸ் 79 டிபிஎம், வேகம் 9 எம்பிபிஎஸ். டிபிஎம் எண் மைனஸில் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். வீடியோ வகுப்புக்கு மைனஸ் 67க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. அந்த அறையிலிருந்து எண்ணிப் பார்த்ததில் அக்கம்பக்கத்து வைஃபை 23 தெரிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. தெரஸ் வீட்டு வரிசையில் அந்த மூன்றையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடியோ வகுப்புக்கு 300 எம்பிபிஎஸ் தேவையே இல்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும். ஆனால் அந்த மூன்று நான்கு இரண்டு மணி நேரமும் அறாமல் வர வேண்டும். எனவே வேகச் சோதனையோடு நிறுத்தாமல், ரௌட்டருக்கு 500 பிங் (பதில் வருகிறதா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பி எத்தனை தொலைகிறது, எது அதிக நேரம் எடுக்கிறது என்று பார்த்தேன். பின்னறையில் 500இல் 31 தொலைந்தது. வந்து சேர்ந்தவற்றிலும் சில 900 மில்லிவினாடிக்கு மேல் எடுத்தன. குரல் விட்டு விட்டு வந்ததற்குக் காரணம் அதுதான்.

முதல் முடிவு: பவர்லைன்

கணவர் ஏற்கெனவே மனதில் ஒரு முடிவோடு இருந்தார். "தம்பி, சுவர இடிக்க வேணாம், கேபிள் இழுக்க வேணாம். கரண்டு வயர்லயே இண்டர்நெட் போகுமாமே. அத போட்டுடலாம்." புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் ஜோடி பவர்லைன் அடாப்டர் வாங்கியும் வைத்திருந்தார். பெட்டியில் 600 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

யோசனை தப்பில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. பவர்லைன் அடாப்டர் அதே கம்பியின் மேல் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் தகவலை ஏற்றி அனுப்புகிறது. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி தரம் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தியது, பின்னால் வந்த ஏவி2 தரம் 86 வரை போகிறது. கான்கிரீட் தளம் வைஃபையைத் தடுக்கலாம், ஆனால் அதற்குள் ஓடும் மின்கம்பிக்கு அது தடையே இல்லை. இந்த வீட்டுக்கு இது பொருந்தும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பெட்டி மேல் இருந்த 600 என்ன என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அது கம்பி மேல் இரண்டு அடாப்டர்கள் பேசிக்கொள்ளும் உச்ச வேகம். போக வர ஒரே கம்பி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும். பிழை திருத்தவும் அதில் ஒரு பங்கு போய்விடும். அதோடு அந்த மாடலில் இருந்த கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ் போர்ட். உள்ளே எவ்வளவு ஓடினாலும் வெளியே 95க்கு மேல் வரவே வராது.

ஜூலை 15, சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பொருத்தினேன். அடாப்டர் இரண்டையும் எக்ஸ்டென்ஷனில் போடாமல் நேரடியாகச் சுவர் பிளக்கிலேயே செருகினேன். இடி மின்னல் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன்கள் இந்தச் சிக்னலையும் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். ஒட்டிய வீடு என்பதால் இரண்டிலும் ஜோடி சேர்க்கும் பொத்தானை அழுத்திப் புதிய ரகசியச் சாவி (பாஸ்வேர்டு போல) போட்டேன். கடையில் வாங்கியபடியே விட்டால் அடாப்டர்கள் எல்லாம் ஒரே பொதுப் பெயரில் இருக்கும். பக்கத்து வீட்டிலும் ஒன்று இருந்து சிக்னல் எட்டிவிட்டால் இரண்டு வீடும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

மேல்மாடிப் பின்னறையில் 24 எம்பிபிஎஸ் வந்தது. 500 பிங்கில் ஒன்றும் தொலையவில்லை. 24 குறைவுதான், ஆனால் வகுப்புக்கு அது போதும். அப்புறம் சும்மா பார்க்கலாமே என்று மேலே இருந்த அடாப்டரைக் கழற்றிக் கீழே தாத்தா அறையில் செருகிப் பார்த்தேன். அங்கே 71. ரௌட்டரிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் அறை அது. மேல் அறையைவிட மூன்று மடங்கு வருகிறதே என்று அன்றைக்கே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அடாப்டரை மறுபடி மேலே மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எட்டு மணிக்கு நடந்தது

திங்கள் இரவு 8.20க்கு ஆசிரியை அழைத்தார். பழைய வைஃபையைவிட மோசம். படம் உறைந்து நிற்கிறது, இரண்டு தடவை வகுப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. கைப்பேசி டேட்டாவை வைத்து அன்றைய வகுப்பை முடித்தார்.

மறுநாள் பிற்பகல் போனால் எல்லாம் சரியாக இருந்தது. 23 எம்பிபிஎஸ். அப்போதுதான் புத்தி வந்தது, பிரச்சினை நேரத்தைப் பொறுத்து வருகிறது, நான் அந்த நேரத்தில் போகவே இல்லை. புதன் மாலை 6.30க்குப் போய் உட்கார்ந்தேன். அன்று வகுப்பு இல்லை. மடிக்கணினியில் அடாப்டரின் செயலியைத் திறந்து வைத்தேன். இரண்டு அடாப்டர்களும் எந்த வேகத்தில் பேசுகின்றன என்று அது நொடிக்கு நொடி காட்டும்.

6.30க்கு 78 காட்டியது. இது கம்பி வேகம், கைக்கு வருவது இதில் மூன்றில் ஒரு பங்கு போல இருக்கும். கணவர் கூடத்தில் ஏர்கான் போட்டார், 74. மகன் குளித்துவிட்டு வந்து அவன் அறை ஏர்கானையும் போட்டான், 70. இவை இறக்கம்தான், ஆனால் வகுப்பை முறிக்கும் அளவு இல்லை. 7.10 இருக்கும். ஆசிரியை விளக்கேற்ற மேலே வந்தார். அந்தப் பின்னறைக்கு அடுத்த சிறு அறைதான் சாமி மேடை. அவர் சுவிட்சைத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. திரையில் எண் 70இலிருந்து 19க்கு விழுந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். மேடையைச் சுற்றி நிறம் மாறும் எல்இடி பட்டை ஒட்டியிருந்தார்கள். அதற்கு மின்சாரம் கொடுப்பது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்பு அடாப்டர், எந்தத் தரச் சான்றும் ஒட்டப்படாதது. தொட்டால் நல்ல சூடு. இப்படிப்பட்ட மலிவு அடாப்டர்கள் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும்போது எழும் இரைச்சல் மின்கம்பிக்குள்ளேயே திரும்பி ஏறுகிறது. பவர்லைன் பயன்படுத்துவதும் அதே அலைவரிசைதான்.

"அக்கா, ஒரு நிமிஷம் இந்த லைட்டை மட்டும் நிறுத்திக்கட்டுமா? விளக்கு எரியட்டும்" என்று கேட்டேன். சரி என்றார். நிறுத்தினேன், 72. போட்டேன், 18. மூன்று தடவை செய்து காட்டினேன். அவர் வெகு நேரம் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு மாசமா இத தினம் ஏழு மணிக்கு போட்டு பத்து மணிக்குத்தான் நிறுத்துறேன். என் கிளாஸ் நேரம் முழுக்க" என்றார்.

டிபி பெட்டி

சான்றிதழ் உள்ள நல்ல அடாப்டர் ஒன்றை 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி அந்தப் பட்டைக்கு மாற்றினோம். விளக்கு எரியும்போதும் எண் 55க்குக் கீழே போகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 70க்கும் 80க்கும் மேலே போகாத இணைப்பு ஒரு சின்ன இரைச்சலுக்கே விழுகிறது என்றால், தொடக்கத்திலேயே சிக்னல் மெலிந்துதான் மேலே வந்து சேர்கிறது. நாளைக்கு இன்னொரு சார்ஜர் வந்தால் மறுபடி இதே கதைதான். தாத்தா அறையில் மட்டும் ஏன் நன்றாக வந்தது என்ற கேள்வியும் பாக்கி இருந்தது.

கணவருக்குத் தெரிந்த வயர்மேன் ஒருவரை வரச்சொன்னோம். வீட்டு மின்சாரம் அறைகளுக்குப் பிரிந்து போகும் டிபி பெட்டியின் வெளி மூடியைத் திறந்ததும் விடை கண்ணெதிரே இருந்தது. சமையலறையை நீட்டியபோது ஏர்கான், வாட்டர் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து லோடு கூடியதால், வீட்டு மின்சாரத்தை ஒரு ஃபேஸிலிருந்து மூன்று ஃபேஸுக்கு, அதாவது மூன்று தனித்தனி மின் லைன்களுக்கு, மாற்றியிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பிரித்ததில் முன்கூடத்துப் பிளக்குகளும் பின்பக்கத்து நீட்டலும் சிவப்பில் இருந்தன. மேல்மாடிப் பிளக்குகள் நீலத்தில் இருந்தன. ஒரே ஃபேஸுக்குள் பவர்லைன் சிக்னல் நேராகப் போகும். ஃபேஸ் மாறினால் நேரான பாதை கிடையாது. கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொற்றிக்கொள்ளும் சிக்னல்தான் போய்ச் சேரும்.

வயர்மேன் இரண்டு வழி சொன்னார். மேல்மாடிப் பிளக் சர்க்யூட்டைச் சிவப்பு ஃபேஸுக்கு மாற்றலாம், அல்லது ஃபேஸ்களுக்கு நடுவே சிக்னலைக் கடத்தும் கருவி ஒன்றை டிபியில் பொருத்தலாம். இரண்டும் வேண்டாம் என்று நான் சொன்னேன். மாற்றினால் சிவப்பு ஃபேஸில் லோடு கூடிவிடும், மூன்றையும் சமமாக வைக்கத்தானே அப்படிப் பிரித்தார்கள். கருவி பொருத்துவது 400 வோல்ட் நிற்கும் இடத்தில் கை வைக்கும் வேலை. ஓர் இணைய இணைப்புக்காக மின்சார ஏற்பாட்டை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வயர்மேனும் அதையே நினைத்தார் என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது.

இரண்டாவது முடிவு: எதை எங்கே

ஜூலை கடைசியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். மேல்மாடிக்கு வைஃபை. கீழே தாத்தா அறைக்கு, ஃபேஸ் ஒன்றாக இருப்பதால், அதே பவர்லைன் ஜோடி. வாங்கிய பணம் வீணாகாது.

மேல்மாடி வைஃபைக்கு ரிப்பீட்டர் வைக்கலாமா என்று மகன் கேட்டான். அதன் விலை 80 வெள்ளிதான். ஆனால் வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டர் அதே நெரிசலான சேனலில் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். வேகம் பாதியாகும், 23 பக்கத்து வைஃபைகளோடு மோதுவதும் குறையாது. இரண்டு பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக, 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கும் மெஷ் வாங்கச் சொன்னேன், 420 வெள்ளி. விலை கூடுதல்தான், கணவர் கொஞ்சம் தயங்கினார். பிடிக்காவிட்டால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

மெஷ்ஷில் இரண்டாவது பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிக்னல் வராத அறைக்குள்ளேயே அதை வைத்துவிடுகிறார்கள், பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். அந்த அறைக்கு சிக்னல் வரவில்லை என்றால் பெட்டிக்கும் வராது. இந்த வீட்டில் கீழுக்கும் மேலுக்கும் நடுவே கான்கிரீட் இல்லாத ஒரே வழி படிக்கட்டு. எனவே படிக்கட்டின் மேல் முனையில், சுவரில் மாட்டும் சிறு பலகையில் வைத்தேன். அங்கிருந்து கீழே கூடத்துப் பெட்டி கண்ணுக்குத் தெரியும், பின்னறைக்கு நடுவே ஒரு செங்கல் சுவர் மட்டும். முதல் பெட்டியை டிவி அலமாரிக்கு வெளியே எடுத்து மேல் தட்டில் வைத்தேன்.

அளந்தது இந்த முறை இரவு 8 மணிக்கு. எல்லா ஏர்கானும் ஓட, சாமி விளக்கு எரிய, தாத்தா தொடர் பார்க்க, மகன் விளையாட. பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ், மைனஸ் 58 டிபிஎம், 118 எம்பிபிஎஸ். 500 பிங்கில் ஒன்றும் தொலையவில்லை, மிக நீண்டது 34 மில்லிவினாடி. தாத்தா அறையில் பவர்லைன் 66.

அதற்குப் பிறகு

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் ஒரு வகுப்புகூட அறுந்து போகவில்லை. அக்டோபர் 15இல் நவராத்திரி தொடங்கியது. ஒன்பது நாளும் சாமி மேடை விளக்கு பகலிலும் எரிந்தது. ஆசிரியை அதைக் குறிப்பாகச் சொல்லி எனக்குக் குரல் செய்தி அனுப்பினார்.

அக்டோபர் கடைசி வாரம், ஒரு மாலை ஐந்து மணிக்கு கோலாலம்பூருக்கே உரிய இடி மழை. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டுப் பார்த்தால் கூடத்துப் பவர்லைன் அடாப்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. அது செருகியிருந்த ரௌட்டரின் கேபிள் போர்ட்டும் போய்விட்டது. இடி மின்னல் தடுப்பு எக்ஸ்டென்ஷனில் இருந்த மெஷ் பெட்டிகள் இரண்டும் பிழைத்தன. பவர்லைனை அந்தத் தடுப்புக்குப் பின்னால் வைக்க முடியாது, வைத்தால் சிக்னல் போய்விடும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைவிட இந்தப் பலவீனத்தைத்தான் நம் ஊரில் முதலில் யோசிக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுபடி பவர்லைன் வாங்கவில்லை. தாத்தா அறைக்கு வயர்மேனை வைத்து 22 மீட்டர் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். கூடத்து சீலிங் வழியாகப் போய், நீட்டலின் வெளிச்சுவரில் பிளாஸ்டிக் குழாய்க்குள் இறங்கியது. மின்கம்பி ஓடும் குழாய்க்குள் அதைச் சேர்க்கவில்லை, தனிக் குழாய். கேபிள், குழாய், கூலி எல்லாம் சேர்த்து 260 வெள்ளி. நவம்பர் 12 தீபாவளிக்கு முந்தைய வாரம் முடித்தோம்.

மறுபடி செய்தால்

பவர்லைன் வாங்குவதற்கு முன் டிபி பெட்டி முன்னால் போய் நிற்பேன். ஒரு ஃபேஸா, மூன்று ஃபேஸா, எந்த அறை எதில் என்று லேபிளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. லேபிள் இல்லையென்றால் வயர்மேனிடம் கேட்பேன். ஒரு ஃபேஸ் வீடாக இருந்திருந்தால் இந்த ஆய்வே வேறு மாதிரி முடிந்திருக்கும். ஒரு ஃபேஸ் வீடுகளில் பவர்லைன் நன்றாக ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அளப்பதை, வீட்டுக்காரர்கள் அதைப் பயன்படுத்தும் நேரத்தில் செய்வேன். சனி பிற்பகல் மூன்று மணிக்கு நான் எடுத்த 24 எம்பிபிஎஸ் அந்த வீட்டின் இரவு எட்டு மணியைப் பற்றி எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. இது என் தவறு. அதற்கான விலையை 14 பிள்ளைகள் ஒரு வகுப்பில் கொடுத்தார்கள்.

தாத்தா அறைக்கு முதலிலேயே கேபிள் கேட்டிருப்பேன். கணவர் "இழுக்க வேணாம்" என்று சொன்னதும் நான் அதோடு விட்டுவிட்டேன். ஏன் வேண்டாம் என்று கேட்டிருந்தால், சுவரை இடிக்க வேண்டியிருக்குமோ என்ற பயம்தான் காரணம் என்று அன்றே தெரிந்திருக்கும். வெளிச்சுவரில் குழாய் போடலாம் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் பிறகு நான் போகும் வீடுகளில், சமையலறை நீட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால், சிமெண்ட் பூசுவதற்கு முன் ஒரு வெறுங்குழாயை முன்கூடத்திலிருந்து பின்பக்கம் வரை புதைத்து வைக்கச் சொல்கிறேன். உள்ளே ஒன்றும் போடாவிட்டாலும் பரவாயில்லை, இழுப்பதற்கு ஒரு நைலான் கயிறு மட்டும் இருக்கட்டும். டிசம்பரில் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனபோது ஆசிரியை மேலே வகுப்பில் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ ஒரு பிள்ளை செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தது, ஒரு சொல்கூட விடாமல் வெளியே கேட்டது. தொந்தரவு செய்யாமல் கணவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.